நோயாளிக்கு ஒரு நாற்காலி, வீட்டாருக்கு ஒரு நாற்காலி

மனநலப் பிரிவில் புறநோயாளிகளைக் காலை எட்டு மணிக்குப் பார்ப்பதா பத்து மணிக்கா, மாத்திரையைப் பதினைந்து நாளுக்குக் கொடுப்பதா ஒரு மாதத்துக்கா, வார்டுக் கதவை இரவில் பூட்டுவதா, உள்ளே இருப்பவர் கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா என்பதையெல்லாம் பெரும்பாலும் மருத்துவர்களும் நிர்வாகிகளுமே முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகளுக்குள் நாளெல்லாம் இருக்க வேண்டியவர் நோயாளி. அவற்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறுபவர்கள் வீட்டார். இந்த இரு தரப்பினரும் மனநலச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் மதிப்பிடுவதிலும் உரிமையோடு பங்கெடுக்க வேண்டும் என்பது இன்று ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை தொடங்கி இந்தியச் சட்டம் வரை எழுதப்பட்டுவிட்ட கொள்கை. எழுதப்பட்ட அளவுக்கு அது நடைமுறைக்கு வரவில்லை.

இந்தப் பங்கேற்பு ஒரே இடத்தில் நடப்பதல்ல. தன் சொந்தச் சிகிச்சையில் ஒருவருக்கு இருக்கும் பேச்சுதான் அடித்தளம்: எந்த மருந்து, என்ன அளவு, கை நடுக்கத்தையும் உடல் பெருப்பதையும் எதுவரை பொறுத்துக்கொள்வது. அதற்கு மேலே, ஒரு மருத்துவமனையோ மறுவாழ்வு இல்லமோ எப்படி நடக்க வேண்டும் என்பதில் பேச்சு. அதற்கும் மேலே சட்டம், கொள்கை, நிதி ஒதுக்கீடு. ஆராய்ச்சியும் மருத்துவக் கல்வியும் தனிக் களங்கள். எதை ஆராய்வது, எதைக் குணம் என்று எண்ணுவது, மாணவருக்கு யார் பாடம் எடுப்பது என்ற கேள்விகள் அங்கே எழுகின்றன. தன் மருந்துச் சீட்டைப் பற்றியே வாய் திறக்க முடியாத ஒருவரை மாநில அளவிலான குழுவில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வதால் எதுவும் மாறாது.

மற்ற நோய்களைவிட மனநோயில் இந்தப் பேச்சுரிமைக்குக் கூடுதல் கனம் உண்டு. சர்க்கரை நோயாளி மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் எழுந்து போய்விடலாம். அவரைப் பிடித்துவரச் சட்டம் கிடையாது. மனநோயில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்கவும் ஊசி போடவும் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் வழிவிடுகின்றன. அதிகாரம் அத்தனை பெரிதாக இருக்கும் இடத்தில், அதற்கு ஆளாகுபவரின் குரல்தான் மிகக் குறைவாகக் கேட்கிறது. ‘அவருக்கு என்ன தெரியும்’ என்ற ஒரு சொல்லில் அவர் கருத்து தள்ளப்பட்டுவிடும். நோய் உச்சத்தில் இருக்கும் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ அது பொருந்தலாம். மனச்சிதைவும் இருதுருவக் கோளாறும் பலருக்கு ஏறி இறங்கும் நோய்கள். தெளிவாக இருக்கும் காலமே பெரும்பாலும் நீண்டது. அந்தச் சில வாரங்களின் தீர்ப்பை ஆயுளுக்கும் நீட்டுவதில்தான் அநியாயம் இருக்கிறது.

கோரிக்கை பழையது. 1812இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான் பெர்சிவல், 1830களின் தொடக்கத்தில் இரண்டு தனியார் மனநோய்க் காப்பகங்களில் அடைத்துவைக்கப்பட்டிருந்தார். பணமும் குடும்பப் பெயரும் இருந்தும் கட்டிப்போடுதலிலிருந்தும் குளிர்ந்த நீர்ச் சிகிச்சையிலிருந்தும் அவர் தப்பவில்லை. வெளியே வந்தபின் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். 1845இல், பைத்தியம் என்று குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கான நண்பர் சங்கம் ஒன்று லண்டனில் உருவானபோது அதன் முன்னணியில் நின்றார். அமெரிக்காவில் கிளிஃபர்ட் பியர்ஸ் மூன்று மருத்துவமனைகளில் பட்ட பாட்டை 1908இல் புத்தகமாக்கினார். மறு ஆண்டே தேசிய மனநலக் குழு ஒன்றை நிறுவினார். ஆனால் பியர்ஸின் இயக்கம் சீக்கிரமே மருத்துவர்களின் கைக்குப் போனது. நோயாளிகள் தாமே கூடிப் பேசும் இயக்கம் பரவலாகத் தலைதூக்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் மருத்துவமனையில் கட்டாயமாக வைக்கப்பட்டிருந்த ஜூடி சேம்பர்லின், நோயாளிகளே நடத்தும் மாற்றுச் சேவைகள் சாத்தியம் என்று 1978இல் எழுதிய நூல் அந்த இயக்கத்தின் கையேடு போல ஆயிற்று.

அதே பத்தாண்டில் குடும்பத்தாரும் திரண்டார்கள். பிரிட்டனில் மனச்சிதைவு நோயாளிகளின் உறவினர்கள் 1972இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1979இல் மேடிசன் நகரில் பெற்றோர்கள் கூடி, இன்று ‘நாமி’ என்று அறியப்படும் அமைப்பை உருவாக்கினார்கள். இரண்டு இயக்கங்களும் ஒரே காலத்தில் பிறந்தாலும் ஒன்றாகப் பிறக்கவில்லை. முன்னாள் நோயாளிகள் கட்டாயச் சிகிச்சையைக் குறைக்கச் சொன்னார்கள். பெற்றோர்களோ சிகிச்சை கிடைக்கவே இல்லை, படுக்கை இல்லை, நெருக்கடியில் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை என்றார்கள். இந்த வேறுபாடு இன்றும் தீரவில்லை. ‘நோயாளிகளும் பராமரிப்பாளர்களும்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது அதை மறைத்துவிடுகிறது.

நோயாளிகளின் பேச்சு ஒரு மருத்துவமனையையே மாற்றிய கதைக்கு இத்தாலிக்குப் போக வேண்டும். ஃபிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர் 1961இல் கொரிட்ஸியா நகரின் மனநோய் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றார். கட்டிப்போடுவதை நிறுத்தினார், கதவுகளைத் திறந்தார். அதைவிட முக்கியமாக, நோயாளிகளும் செவிலியர்களும் மருத்துவர்களும் கூடும் பொதுக்கூட்டத்தை அன்றாட வழக்கமாக்கினார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளே. சிலர் கத்தினார்கள், சிலர் தூங்கினார்கள், பாதியில் எழுந்து போனவர்களும் உண்டு. கூட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சாப்பாட்டிலிருந்து வெளியே போகும் உரிமை வரை எல்லாமே அங்கே விவாதிக்கப்பட்டன.

1971இல் பசாலியா திரியெஸ்தே நகருக்குச் சென்றார். அங்கே மருத்துவமனைச் சலவைத் துணிகளை இழுத்துவந்த மார்க்கோ என்ற குதிரைக்கு வயதாகிவிட்டது. அதைக் கசாப்புக்கு அனுப்பும் பேச்சு எழுந்ததும் நோயாளிகள் மாகாண நிர்வாகத்துக்கு மனு எழுதினார்கள். குதிரை பிழைத்தது. 1973இல் அந்தக் குதிரையின் பெயரில் மரமும் காகிதக்கூழும் கொண்டு ஒரு பெரிய நீலக் குதிரையை நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து செய்தார்கள். அதை ஊர்வலமாக வெளியே கொண்டுபோகப் பார்த்தால் வாசல் சிறியது. வாசலை உடைத்தே கொண்டுபோனார்கள். இத்தாலிய மனநலச் சீர்திருத்தத்தின் சின்னமாக இன்றும் நிற்பது அந்த நீலக் குதிரைதான். ஊர்வலத்தைப் போலப் படம் பிடிக்கப்படாத இன்னொரு வேலையும் அங்கே நடந்தது. சிகிச்சை என்ற பெயரில் கூலியில்லாமல் தரை துடைத்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதே வேலைக்கு ஒப்பந்தமும் சம்பளமும் பெற்றார்கள். 1978 மே மாதம் இத்தாலி நிறைவேற்றிய 180ஆம் எண் சட்டம் புதிய மனநோய் மருத்துவமனைகள் கட்டுவதைத் தடை செய்தது. கடும் நிலையில் உள்ளவர்களுக்குப் பொது மருத்துவமனைகளில் சிறிய பிரிவுகளும், ஊருக்குள் மனநல மையங்களும் வந்தன. குடும்பத்தார் எல்லோரும் இதைக் கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குள் மையம் வருவதற்கு முன்பே மருத்துவமனை மூடப்பட்ட இடங்களில் பாரம் முழுதும் வீட்டின் மேல் விழுந்தது. உறவினர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள்.

பங்கேற்பில் உண்மை எது, பாவனை எது என்று பிரித்துக்காட்டும் ஒரு பழைய அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் நகரத் திட்டங்களில் மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதியபோது எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றைக் காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களைச் சமாதானப்படுத்துவது மட்டுமே நடக்கிறது. நடுப்படிகளில் தகவல் சொல்கிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள். முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். மேல்படிகளில்தான் அதிகாரம் பகிரப்படுகிறது. மனநலத் துறையில் பெரும்பாலான ‘கலந்தாலோசனை’ நடுப்படியில் நின்றுவிடும். வெளியே போகும் வழியில் நீட்டப்படும் திருப்திப் படிவம் அந்தப் படியைச் சேர்ந்தது. அடுத்த முறையும் அதே மருத்துவரிடம்தான் வரப்போகிறோம் என்று தெரிந்தவர் அதில் என்ன எழுதிவிடப் போகிறார்?

இந்தியாவில் கதை வேறு மாதிரித் தொடங்கியது. மேலை நாடுகளில் குடும்பமே நோய்க்குக் காரணம் என்று சில மனநல அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்த 1950களில், அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். படுக்கைத் தட்டுப்பாடு ஒரு காரணம். ஆனால் விளைவு அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. கூடவே இருந்த உறவினர்கள் நோயைப் புரிந்துகொண்டார்கள், நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், ஊரில் நோய் பற்றிய பயமும் குறைந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையைக் கடைப்பிடித்தது. பின்னாளில் பெங்களூருவின் நிமான்ஸ் மனநல நிறுவனம் உள்ளிட்ட இடங்களிலும் குடும்ப வார்டுகள் வந்தன.

உலகுக்கு இந்தியா தந்த நல்ல முன்மாதிரி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் இங்கே குடும்பம் உள்ளே வந்தது கைகளாகத்தான். குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் இரவில் விழித்திருக்கவும் ஆள் கிடைத்தது. வார்டு எப்படி நடக்க வேண்டும் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நோயாளியைக் கேட்கும் எண்ணம் அதற்கும் பின்னால் இருந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு பற்றிய ஆய்வோடு குடும்பங்களுக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. குடும்பத்தார் தாமே அமைப்பாகத் திரளும் வேலையைச் சென்னையின் ஆஷா போன்ற சங்கங்கள் செய்தன. பெற்றோர்கள் அங்கே கேட்ட கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது: ‘எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?’

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது; இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். மாவட்டத் தலைநகரில்கூட மனநல மருத்துவர் கிடைக்காத காலத்தில், கடன் வாங்கி, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் தர்காவின் நிழலில் விட்டுவந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் சேவை எங்கே இல்லை என்று துல்லியமாகச் சொல்லியிருப்பார்கள். சங்கிலியில் இருந்தவர்களைக் கேட்டிருந்தால் காப்பகத்தைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். நிமான்ஸ் 2015–16இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறாமல் இருந்தார்கள். இருக்கிற சேவையை யாருக்காக, எப்படி அமைத்தோம் என்று கேட்கவைக்கும் எண் அது.

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் வந்தது. இந்தியா அதை 2007 அக்டோபரில் ஏற்றது. மனநோயால் நீண்டகாலப் பாதிப்புக்கு உள்ளானவர்களும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். அவர்களைப் பாதிக்கும் சட்டங்களையும் கொள்கைகளையும் வகுக்கும்போது அவர்களோடு கலந்துபேசுவது அரசின் கடமை என்று அதன் நான்காவது பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையின் விளைவாக உருவானதுதான் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

தனிநபர் மட்டத்தில் இச்சட்டம் தந்த பெரிய கருவி முன்விருப்ப ஆவணம். வயதுவந்த எவரும், தெளிவாக இருக்கும் காலத்தில், பின்னால் நோய் முற்றினால் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேசும் பிரதிநிதியையும் நியமிக்கலாம். அவர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவசரச் சிகிச்சைக்கு இந்த ஆவணம் பொருந்தாது. ஆவணத்தை மாற்றவோ ரத்து செய்யவோ கோரி மருத்துவரோ உறவினரோ மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம். சங்கிலியால் கட்டுவதைச் சட்டத்தின் 95ஆவது பிரிவு வெளிப்படையாகத் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது.

நிர்வாக மட்டத்தில், மத்திய மனநல ஆணையத்திலும் மாநில மனநல ஆணையங்களிலும் மனநோய் உள்ளவர்கள் அல்லது இருந்தவர்கள் சார்பில் இருவர், பராமரிப்பாளர்கள் சார்பில் இருவர், தொண்டு நிறுவனங்களிலிருந்து இருவர் உறுப்பினராக வேண்டும். எண்ணிக்கை தனித்தனியாக இருப்பதால் ஒருவர் இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வழியில்லை. ஆனால் மாவட்டங்களுக்கான மறுஆய்வு வாரியத்துக்கு வரும்போது சட்டத்தின் வாசகம் தளர்ந்துவிடுகிறது. மாவட்ட நீதிபதி தகுதியுள்ளவர் தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மருத்துவர்கள் இருவர். மீதமுள்ள இரண்டு இடங்களுக்கு மனநோய் உள்ளவர்களையோ, பராமரிப்பாளர்களையோ, அவர்களுடைய அமைப்பினரையோ, தொண்டு நிறுவனத்தாரையோ நியமிக்கலாம் என்கிறது. அந்த ‘ஓ’க்களின் வழியே மனநோய் அனுபவம் உள்ள ஒருவர்கூட இல்லாமல் ஒரு வாரியம் சட்டப்படி அமைந்துவிடலாம். விருப்பமின்றிச் சேர்க்கப்பட்டவரின் முறையீட்டைக் கேட்பது இந்த வாரியம்தான். எந்த நாற்காலி மிகவும் தேவையோ அந்த நாற்காலிதான் இங்கே உறுதி செய்யப்படவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேறு வழியில் போனது. அங்கே மனநலத் துறையை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையம் 2021இல் 65 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை தந்தது. 2022இல் புதிய சட்டம் வந்தது. துறையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் ஆணையர்களில் மனநோயை அனுபவித்த ஒருவரும், மனநோயாளியைப் பராமரித்த அனுபவமுள்ள ஒருவரும் தனித்தனியே இருந்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. ஆலோசனை உறுப்பினராக அல்ல, ஆணையராகவே.

இருவரையும் பிரித்துப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதை எந்த வீட்டிலும் காணலாம். மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரிலோ தோசைமாவிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் சாதாரணம். தாய்க்கு அது மகனைத் தெருவில் அலையவிடாமல் காக்கும் வழி. மருத்துவர்களில் சிலர் கண்டும் காணாமல் விடுகிறார்கள். தெரியவந்த நாளில் மகனுக்கு அது துரோகம். அதன்பின் வீட்டுச் சாப்பாட்டையே சந்தேகப்படுவான். தாய்க்குச் சேவையிலிருந்து வேண்டுவது, இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் வரும் ஆள், வீட்டுக்கே வந்து பார்க்கும் குழு, மாதத்தில் இரண்டு நாளாவது ஓய்வு, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக நாலு முறை அலையவிடாத அலுவலகம். மகனுக்கு வேண்டுவது, நாளெல்லாம் தூக்கம் வரவழைக்காத மருந்து, ஒரு வேலை, ‘இவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்’ என்று அம்மாவிடம் மட்டும் பேசாத மருத்துவர். மருத்துவரிடம் சொன்னது எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பான் அவன். எதுவும் தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பாள் அவள். இரண்டு கோரிக்கையும் நியாயம். கூட்டத்தில் ‘குடும்பப் பிரதிநிதி’ ஒருவரை அழைத்துவிட்டு இரண்டையும் கேட்டாயிற்று என்று சொன்னால், கேட்டது ஒன்றைத்தான். நம் சமூகத்தில் அது பெரும்பாலும் தந்தையின் அல்லது அண்ணனின் குரலாக இருக்கும்.

2017 சட்டம் உருவாகும்போதே இந்தப் பிளவு வெளிப்பட்டது. நியமனப் பிரதிநிதி முறையால் காலமெல்லாம் பார்த்துக்கொண்ட குடும்பம் ஓரங்கட்டப்படும் என்று உறவினர் அமைப்புகள் பலவும் மனநல மருத்துவர்கள் பலரும் கவலைப்பட்டார்கள். புனேயில் பாபு அறக்கட்டளையை நிறுவிய பார்கவி டாவர் எதிர்த் திசையிலிருந்து எதிர்த்தார்: விருப்பமில்லாமல் அடைக்கும் அதிகாரத்தை எந்த வடிவில் வைத்திருந்தாலும் அது ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைக்கு முரண் என்பது அவர் நிலைப்பாடு. சட்டம் இருவரையும் முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை.

நோயாளிகளும் வீட்டாரும் பங்கேற்பதால் சேவை மேம்படுகிறதா? சில இடங்களில் தெளிவாக. மின்னதிர்ச்சிச் சிகிச்சை நல்ல உதாரணம். அதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் திருப்தியாக இருப்பதாக மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகள் சொல்லிவந்தன. லண்டனில் தாமே அந்தச் சிகிச்சையை அனுபவித்தவர்களும் இடம்பெற்ற ஆய்வுக்குழு, டயானா ரோஸ் தலைமையில், அதுவரை வந்த ஆய்வுகளையும் நோயாளிகளின் வாக்குமூலங்களையும் ஒருசேர அலசியது. 2003இல் வெளியான முடிவு: குறைந்தது மூன்றில் ஒருவர் நீடித்த நினைவிழப்பைச் சொல்கிறார், நோயாளிகள் பங்கேற்ற ஆய்வுகளில் திருப்தி அளவும் குறைவு. கேள்வி கேட்ட ஆள் மாறியதும் பதில் மாறியது. சிகிச்சை முடிந்த சூட்டில், வார்டிலேயே, மருத்துவர் கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும்.

எல்லா முயற்சியும் இப்படிப் பலித்ததில்லை. நெருக்கடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நோயாளியும் மருத்துவக் குழுவும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் திட்டத்தை இங்கிலாந்தில் 160 பேரிடம் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். திட்டம் எழுதியவர்களில் 13 விழுக்காட்டினர்தான் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள். எழுதாதவர்களில் 27 விழுக்காடு. உற்சாகமாகி 569 பேரிடம் பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2013இல் வந்த முடிவில் வித்தியாசம் ஏதுமில்லை. பல இடங்களில் மருத்துவக் குழுவினர் அதை இன்னொரு படிவமாகவே நடத்தினார்கள் என்று கூடவே நடந்த விசாரணை காட்டியது. முன்விருப்ப ஆவணத்தைப் பரப்ப நினைக்கும் நமக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் அதிகம் பயன்படும்.

குஜராத்தில் நடந்த சோதனை நம் சூழலுக்கு நெருக்கமானது. உலக சுகாதார நிறுவனத்தின் உரிமை அடிப்படையிலான தர மேம்பாட்டு முறையை 2014 தொடங்கி ஆறு அரசு மனநலச் சேவைகளில் கொண்டுவந்து, மூன்று சேவைகளை ஒப்பீட்டுக்கு அப்படியே விட்டார்கள். ஊழியருக்கு உரிமைப் பயிற்சி, நோயாளிகளும் குடும்பத்தாரும் அமர்ந்து குறைகளைத் திட்டமாக மாற்றும் கூட்டங்கள், நோயிலிருந்து மீண்டவர்கள் மற்றவர்க்குத் துணைநிற்பது ஆகியவை அதில் அடங்கும். ஓராண்டில் சேவையின் தரம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. ஊழியர்களின் மனப்பான்மை நன்றாக மாறியது. பராமரிப்பாளர்களின் சுமை ஓரளவு குறைந்தது. நோயாளிகள் உணர்ந்த அதிகாரமும் திருப்தியும் கூடின, ஆனால் மிகச் சிறிதே. ஊழியர் மாறிவிட்டதாக நினைக்கும் வேகத்தில் நோயாளி அந்த மாற்றத்தை உணர்வதில்லை. நேபாளத்தின் சித்வன் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கான மனநலப் பயிற்சியில், மீண்டு வந்தவர்கள் தாங்கள் எடுத்த புகைப்படங்களைக் காட்டித் தங்கள் கதையைச் சொன்னார்கள். மனநோயாளிகளிடமிருந்து விலகி நிற்கும் மனப்போக்கு அந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் குறைந்தது. வளரும் நாடுகளில் இத்தகைய தரமான ஆய்வுகள் இன்னும் கொஞ்சமே.

ஒரு மருத்துவமனை இதைத் தொடங்க நினைத்தால் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. சில்லறை விஷயங்களில்தான் எல்லாம் நிற்கிறது. கூட்டத்துக்கு வருபவருக்குப் பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும் தர வேண்டும். மேசையைச் சுற்றி உள்ள மற்ற எல்லோரும் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் கைக்காசில் வருவது அவருடைய இடம் எது என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடும். இரவு மாத்திரையின் மந்தம் காலை பத்து மணி வரை விடாது. ஆகவே கூட்டம் பிற்பகலில் இருக்க வேண்டும். தனியாக ஒருவரை அழைக்கக் கூடாது, இருவராவது வேண்டும். ஆறு மருத்துவர்களுக்கு நடுவே ஒற்றை ஆள் தலையாட்டத்தான் செய்வார். குறிப்புகள் தமிழில் இருக்க வேண்டும், முன்பே கைக்கு வர வேண்டும். சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும். பல குழுக்கள் செத்துப்போவது இந்தக் கடைசி வேலை நடக்காததால்தான். நோயாளிகள் முதலில் கேட்பவை கழிப்பறைத் தாழ்ப்பாள், மருந்தகத்து வரிசை, பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் இருப்பது போன்றவையாக இருக்கும். அவற்றைச் சின்ன விஷயம் என்று தள்ளினால் மருந்தைப் பற்றியோ கட்டாயச் சேர்க்கையைப் பற்றியோ அவர்கள் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

யாரை அழைப்பது என்பது தனிச் சிக்கல். மனநோய் மருத்துவமனை இருப்பதால் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக்கிச் சினிமாவில் சிரித்துப் பழகிய ஊரில், நான் மனநோயிலிருந்து மீண்டவன் என்று ஆணையத்தில் பெயர் போட்டு உட்கார எத்தனை பேர் முன்வருவார்கள்? வேலையும் தங்கையின் கல்யாணமும் கண்முன் நிற்கும். முன்வருபவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், நகரத்தார், ஆங்கிலம் பேசுபவர்கள். திரும்பத் திரும்ப அதே சிலர் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். அதைக் காட்டி ‘இவர்கள் உண்மையான நோயாளிகளின் பிரதிநிதிகள் அல்ல’ என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. மருத்துவப் பிரதிநிதியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இருந்தாலும் குறை உண்மையானதே. அதற்கு வழி, வர முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்க் கேட்பதுதான்.

அப்படிப் போனால் முதலில் சந்திக்க வேண்டியவர்கள் மனநோய் மருத்துவமனைகளிலேயே தங்கிவிட்டவர்கள். 2019இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, அரசு நடத்தும் 43 மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே இருப்பதைக் கண்டது. இவர்களில் பலருக்குப் பேசக் குடும்பம் கிடையாது. வீட்டார் வழியாக நோயாளியைக் கேட்டுவிடலாம் என்ற இந்திய வழக்கம் இவர்களிடம் வந்து நின்றுவிடுகிறது. வீடற்ற பெண்களுக்காகச் சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட தி பேன்யன் அமைப்பு, நெடுங்காலம் தங்கிவிட்டவர்களுக்காக 2015இல் வேறொரு வழியை முயன்றது. நாலைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள் வாடகை வீட்டில் குடியேறுவது. உதவிக்கு உள்ளூர்ப் பெண் ஒருவர் உடனிருப்பது. யாரோடு சேர்ந்து வாழ்வது என்பதை அவர்களே சொன்னார்கள். என்ன சமைப்பது, வேலைக்குப் போவதா, கோயிலுக்கா மாதா கோயிலுக்கா என்பதும் அவர்கள் கையில். பல ஆண்டுகள் எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்த சிலருக்கு முதல் மாதங்களில் இதுவே பெரும் பாடாக இருக்கும். கேட்டால் ‘உங்க இஷ்டம்’ என்று மட்டுமே பதில் வரும். அந்தப் பதிலை இறுதியாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடியும் கேட்பது உடனிருப்பவரின் வேலையில் ஒரு பகுதி. திட்டம் பின்னர் கேரளத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் சென்றது.